அறிவியல் புனைவுப் படங்களின் இசைத்தட்டுகளும் டேப்புகளும்: கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டறியும் வழி

1956-இல் வெளிவந்த 'ஃபர்பிடன் பிளானட்' படத்தின் ஒலித்தொகுப்பை இசைத்தட்டில் முதன்முறை போட்டுக் கேட்ட அன்று, ஊசி தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிப் புதிய ஊசி ஒன்றை வாங்கினேன். புதிய ஊசியிலும் அதே கரகரப்பும் அதே திணறலும் அதே இடங்களில் கேட்டன. அந்தப் படத்துக்கு லூயி பாரனும் பெபே பாரனும் வாத்தியங்கள் எதையும் பயன்படுத்தவில்லை. சிறுசிறு மின்சுற்றுகளைத் தாங்களே அமைத்து, அவற்றின் தாங்குதிறனுக்கு மேல் மின்சாரம் செலுத்தி, அவை துடித்து எரிந்து அடங்கும் வரை எழுந்த ஒலியை டேப்பில் பிடித்து, அந்த டேப்பை வெட்டியும் ஒட்டியும் வேகம் மாற்றியும் தொகுத்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஊசி நன்றாகவே இருந்திருக்கிறது. நான் பழுது என்று எண்ணியதுதான் படைப்பு.

இந்தத் துறையில் சேகரிப்பவருக்கு உள்ள தனிச்சிக்கல் இதுவே. வீணைக் கச்சேரியின் இசைத்தட்டில் கரகரப்பு கேட்டால் அது பழுது என்பதில் ஐயமில்லை. வேற்றுக்கிரகத்துக்காக எழுதப்பட்ட இசையில் அந்த உறுதி கிடையாது. ஆகவே எந்த அறிகுறி தோன்றினாலும் மூன்று இடங்களில் எங்கே காரணம் இருக்கிறது என்று முதலில் பிரித்தறிய வேண்டும்: படைப்பிலும் அதன் பதிப்பிலுமா, கையிலுள்ள தட்டிலோ டேப்பிலோவா, அல்லது ஓட்டும் கருவியிலா? இதற்கு இரண்டு எளிய சோதனைகள் போதும். உங்கள் காதுக்கு நன்கு பழகிய, ஒற்றைக் குரலோ ஒற்றை வாத்தியமோ உள்ள வேறொரு தட்டை அதே கருவியில் போட்டுக் கேளுங்கள். ஐயத்துக்குரிய தட்டை நண்பர் ஒருவரின் கருவியில் போட்டுக் கேளுங்கள். முதல் சோதனையிலும் குறை தெரிந்தால் கருவியைப் பாருங்கள். இரண்டாவதில் மட்டும் தெரிந்தால் தட்டைப் பாருங்கள், அல்லது பதிப்பைப் பாருங்கள். கழுவுதல், சூடேற்றுதல், வெட்டி ஒட்டுதல் போன்ற திரும்பப் பெற முடியாத வேலைகள் எல்லாம் இந்தச் சோதனைகளுக்குப் பிறகுதான்.

அறிகுறி: இசை மந்தமாகவோ விரைவாகவோ ஓடுகிறது, சுருதி இறங்கியோ ஏறியோ ஒலிக்கிறது

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிளை, அதாவது இசைத்தட்டைச் சுழற்றும் கருவியை, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓட்டுபவர் முதலில் ஐயப்பட வேண்டியது மின்சாரத்தின் அலைவெண்ணை. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கடையில் வாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே இறக்கும், அலைவெண்ணைத் தொடாது. மின்சாரத்தின் அலைவெண்ணையே தாளமாகக் கொண்டு சுழலும் மோட்டார் உள்ள கருவிகள் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது ஏறத்தாழ 27.8 சுற்றாகிவிடும், சுருதி மூன்று அரைச்சுரங்களுக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும். கனமான பித்தளை வாத்தியங்களும் நீண்ட மந்திர ஸ்தாயி ஒலிகளும் நிறைந்த இசையில் இந்த இறக்கம் கம்பீரமாகக்கூடத் தோன்றுவதால், பல மாதம் கவனிக்காமலே கேட்டவர்கள் உண்டு.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. இத்தகைய கருவிகளில் இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் உலோகத் தட்டின் விளிம்பில் புள்ளிகளும், அவற்றின் மேல் ஒளிவீசும் சிறிய நியான் விளக்கும் இருக்கும். வேகம் சரியாக இருந்தால் புள்ளிகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். 60 ஹெர்ட்சுக்கான வட்டத்தில் 216 புள்ளிகள், 50 ஹெர்ட்சுக்கான வட்டத்தில் 180 புள்ளிகள். அமெரிக்கக் கருவியில் 216 புள்ளி வட்டம் மட்டுமே இருந்து, அதன் விளக்கும் நம் ஊர் மின்சாரத்தில் எரிந்தால், மோட்டாரும் விளக்கும் ஒரே விகிதத்தில் மந்தமாகிவிடுவதால் புள்ளிகள் அசையாமல் நின்று 'வேகம் சரி' என்று பொய்ச்சாட்சி சொல்லும். ஆகவே புள்ளிகளை நம்பாமல் எண்ணிப் பாருங்கள். தட்டின் விளிம்பில் சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் எண்ணினால் சரியாக 100 சுற்று வர வேண்டும். 83 சுற்று வந்தால் காரணம் அலைவெண்தான். மோட்டாரின் தண்டில் உள்ள புல்லியை 50 ஹெர்ட்சுக்கானதாக மாற்றுவது ஒரு தீர்வு. 60 ஹெர்ட்சைத் தானே உருவாக்கித் தரும் மின்னணு மின்வழங்கியை வைப்பது மற்றொன்று. நேர்மின்னோட்டத்தில் ஓடும் மோட்டார் உள்ள கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் 100-க்குப் பதில் 97, 98 வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கும்.

சுருதி மொத்தமாக இறங்காமல் அலைபாய்கிறது என்றால், அந்த அலைவின் கால அளவை எண்ணுங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி ஆகும். 1.8 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால், தட்டின் துளை மையத்தில் இல்லை அல்லது தட்டு நெளிந்திருக்கிறது. கருவியின் மேல் பழி போட வேண்டாம். அதைவிட விரைவாக நடுங்கினால் பெல்ட், மோட்டார், புல்லி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்பு, அங்கே ஒலிப்பது தெரமினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1951-இல் வெளிவந்த 'தி டே த எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் இரண்டு தெரமின்களைப் பயன்படுத்தினார். தொடாமலே காற்றில் கையசைத்து வாசிக்கும் அந்தக் கருவியில், வாசிப்பவரின் கை நடுக்கமே சுரத்தின் கமகம். எந்தப் பெல்ட்டை மாற்றினாலும் அது போகாது. அதே இடத்தில் பின்னால் ஒலிக்கும் பியானோ நடுங்குகிறதா என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். சுரம் வளைக்க முடியாத அந்த வாத்தியமும் நடுங்கினால் மட்டுமே கருவியைத் திறக்க வேண்டும்.

வீடியோ வட்டுகளிலிருந்து இசையைப் பிரித்தெடுத்துச் சேகரிப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் நேரும். சில டிவிடிகளிலும் லேசர் டிஸ்குகளிலும் வசனமும் ஓசைகளும் இன்றி இசை மட்டும் தனி ஒலித்தடமாகத் தரப்பட்டிருக்கும். ஆல்பமாக ஒருபோதும் வெளிவராத பகுதிகள் அங்கே கிடைப்பதுண்டு. ஐரோப்பாவின் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் அமைந்த வட்டுகளில், நொடிக்கு 24 சட்டகம் கொண்ட திரைப்படத்தை 25 சட்டகமாக ஓட்டிவிடுவதால், இசை நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேல் விரைந்து, ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் ஏறி ஒலிக்கும். கணினியில் வேகத்தை 0.96 மடங்காக்கினால் காலமும் சுருதியும் ஒன்றாகத் திரும்பிவிடும். காலத்தை மட்டும் நீட்டும் கருவியைப் பயன்படுத்தாதீர்கள். சில வட்டுகளில் சுருதியை முன்பே திருத்தியிருப்பார்கள் என்பதால், சிடியில் கிடைக்கும் ஏதேனும் ஒரு பகுதியோடு ஒப்பிட்ட பிறகே இதைச் செய்ய வேண்டும்.

அறிகுறி: ஒலி சுத்தமாக இருக்கிறது, ஆனால் படத்தில் கேட்டது இதுவல்ல

சேகரிப்பவர்கள் அதிகம் பணம் இழப்பது இந்த இடத்தில்தான். கருவியிலும் குறை இல்லை, தட்டிலும் கீறல் இல்லை, பதிப்பே வேறு. இதைப் பழுது என்று எண்ணிக் கருவியின் டோன் குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

1968-இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' இதற்கு நல்ல சான்று. படத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் இசை, ஹெர்பர்ட் ஃபான் காரயான் வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவோடு பதிவு செய்தது. அந்தப் பதிவின் உரிமை டெக்கா நிறுவனத்திடம் இருந்தது. ஆனால் படத்தோடு வந்த எம்ஜிஎம் இசைத்தட்டில் இருப்பதோ கார்ல் போம் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு பதிவு செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் முரசின் எடையும் எக்காளத்தின் நடையும் வேறுபடுவது எவருக்கும் புரியும். படத்தில் கேட்டதே வேண்டும் என்பவர் பின்னாளில் வந்த சிடி பதிப்புகளில் காரயான் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இதே படத்துக்காக அலெக்ஸ் நார்த் எழுதி, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் பயன்படுத்தாமல் விட்ட இசையும் கடைகளில் உண்டு. அதிலும் இரண்டு வகை. 1993-இல் வந்தது ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் குழுவை நடத்திப் புதிதாகப் பதிவு செய்தது. 2007-இல் இன்ட்ராடா நிறுவனம் வெளியிட்டது நார்த் காலத்து மூலப்பதிவு. முன்னதில் ஒலி விரிவாகவும் தெளிவாகவும் இருக்கும். பின்னதில் வரலாறு இருக்கும். 'ஒலி மங்கலாக இருக்கிறது' என்று பின்னதைக் குறைகூறுபவர் தமக்கு எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் வாங்கியவர் என்பேன்.

'பிளேடு ரன்னர்' கதை இதைவிடக் கசப்பானது. படம் 1982-இல் வந்தது, வாஞ்செலிஸின் இசை ஆல்பமாக வரும் என்று படத்தின் முடிவுப் பட்டியலே அறிவித்தது, வரவில்லை. அந்த ஆண்டு கடைக்கு வந்தது நியூ அமெரிக்கன் ஆர்கெஸ்ட்ரா என்ற குழு வாத்தியங்களில் வாசித்த தழுவல். உறையில் படத்தின் ஓவியம் இருக்கும். உள்ளே சின்தசைசரின் அந்த ஈரமான பெருவெளி இருக்காது. வாஞ்செலிஸின் ஆல்பம் 1994-இல்தான் வந்தது. அதிலும் படத்தின் வசனங்கள் இசையோடு கலந்திருக்கும். அந்த வசனங்களைக் கேட்டு 'யாரோ தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்து விற்றுவிட்டார்கள்' என்று பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அது அதிகாரபூர்வ ஆல்பத்தின் இயல்பு. இடைப்பட்ட ஆண்டுகளில் பரவிய திருட்டுப் பதிப்புகளுக்கு இன்றும் ஒரு மதிப்பு இருப்பதற்குக் காரணம் இந்தப் பன்னிரண்டு ஆண்டு வெற்றிடமே. 2007-இல் மூன்று சிடிகளாக ஒரு தொகுப்பும் வந்தது.

'ஏலியன்' 1979 ஆல்பத்தில் இறுதி இசை படத்தோடு பொருந்தவில்லை என்றால், தட்டு சரியாகவே இருக்கிறது. கோல்ட்ஸ்மித் எழுதிய முடிவு இசையைப் படத்தில் எடுத்துவிட்டு, அங்கே ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாவது சிம்பொனியிலிருந்து ஒரு பகுதியை வைத்தார்கள். ஆல்பத்தில் இசையமைப்பாளர் எண்ணியபடி அவருடைய இசையே இருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' விஷயத்தில் சிக்கல் வேறு. ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி குழுவை நடத்திய 1977-ஆம் ஆண்டு இரட்டைத் தட்டே மூலம்; அதே இசையை சார்லஸ் கெர்ஹார்ட் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் குழுவோடும், மும்பையில் பிறந்த சூபின் மேத்தா லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக் குழுவோடும் தனித்தனியே பதிவு செய்திருக்கிறார்கள். இவை தரமான பதிவுகள். படத்தின் பதிவுகள் அல்ல, அவ்வளவுதான். முகப்பில் படத்தின் பெயரைத் தேடாமல், பின்னட்டையில் குழுவின் பெயரையும் நடத்துநரின் பெயரையும் தேடும் பழக்கம் ஒன்றே இந்த அறிகுறிக்கு மருந்து. பழைய அமெரிக்க இரட்டைத் தட்டுகள் சிலவற்றில் முதல் பக்கத்தின் மறுபுறம் நான்காம் பக்கமாக இருப்பதும் பிழையன்று. தட்டுகளை அடுக்கி வைத்துத் தானாக மாற்றும் கருவிகளுக்காகச் செய்த ஏற்பாடு அது.

அறிகுறி: தொடர்ந்து உறுமல் கேட்கிறது

ஊசியைத் தட்டிலிருந்து தூக்குங்கள். உறுமல் தொடர்ந்தால் அது பூமி இணைப்புக் கம்பியிலோ மின்கம்பிகளின் அருகாமையிலோ உள்ளது. நின்றுவிட்டால் தட்டிலோ, கருவியின் சுழலும் அச்சைத் தாங்கும் பகுதியின் அதிர்விலோ, இசையிலோ உள்ளது. '2001' படத்தின் தொடக்கத்தில் எக்காளம் எழுவதற்கு முன்பே ஆர்கனும் கான்ட்ராபாசூனும் டபிள் பாஸ்களும் சேர்ந்து ஒரு தாழ்ந்த சுரத்தை நெடுநேரம் பிடித்து நிற்கும். சிறிய ஸ்பீக்கர்களில் அது இசையாகக் கேட்காமல் வெறும் அதிர்வாகவே உணரப்படும். பூமி இணைப்பைச் சரிபார்க்க ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்த பிறகு இதை உணர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

அறிகுறி: ஒலி மெலிந்து கூச்சமாக இருக்கிறது; அல்லது பெருத்து மூடிக்கொண்டது போல் இருக்கிறது

இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள். ஓட்டும்போது ஃபோனோ ஆம்ப்ளிஃபயர் அதை நேர்மாறாகத் திருத்தும். 1954 முதல் இதற்கு அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கத்தின் ஆர்ஐஏஏ (RIAA) வளைகோடு பொதுவிதியாக இருக்கிறது. டர்ன்டேபிளை நேரடியாக ஆம்ப்ளிஃபயரின் சாதாரண உள்ளீட்டில் செருகினால் ஒலி மிகக் குறைவாகவும் தகரம் போலவும் வரும். இப்போதைய கருவிகள் பலவற்றில் ஃபோனோ பகுதி உள்ளேயே இருப்பதால், அதை மறந்து மறுபடியும் ஃபோனோ உள்ளீட்டில் செருகினால் திருத்தம் இரண்டு முறை நடந்து, ஒலி பெருத்து உடையும். கருவியின் பின்புறம் உள்ள சிறிய சுவிட்சைப் பார்ப்பது போதும்.

சிடியில் இதே போன்ற ஓர் அறிகுறி உண்டு. அது பலருக்குத் தெரிவதில்லை. 1980-களின் தொடக்கத்தில் அச்சான சிடிகள் சிலவற்றில், குறிப்பாக ஜப்பானில் அச்சானவற்றில், ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற முறையில் உயர்ந்த ஒலிகளைக் கூட்டிப் பதிந்திருப்பார்கள். வட்டில் உள்ள ஒரு குறியைப் படித்து சிடி பிளேயர் அதைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். கணினியில் கோப்பாக எடுக்கும் மென்பொருள்களில் பல அந்தக் குறியைப் பொருட்படுத்துவதில்லை. விளைவாக, பிளேயரில் இனிமையாக ஒலிக்கும் வட்டு கோப்பாக மாறியதும் வயலின்கள் காதைக் கிழிக்கும். 'பழைய சிடிகள் எல்லாம் இப்படித்தான் கூர்மையாக இருக்கும்' என்ற பழிச்சொல்லில் ஒரு பங்கு இதனால் வந்தது என்றே நினைக்கிறேன். பிளேயரிலும் கோப்பிலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு வேறுபாடு தெரிந்தால், அந்தக் கூட்டலை நேர்மாறாகக் குறைக்கும் 50/15 மைக்ரோநொடி திருத்தத்தைக் கோப்பில் செய்ய வேண்டும்; சாக்ஸ் (SoX) என்ற இலவச மென்பொருளில் அதற்கெனவே ஒரு கட்டளை உண்டு. காதால் கேட்டு ட்ரெபிளைக் குறைப்பது இதற்கு மாற்றாகாது, ஏனென்றால் வளைகோடு ஒத்துவராது.

கேசட்டில் இரைச்சலைக் குறைக்கும் முறையான டால்பி பி-யின் முத்திரை இருந்து, பிளேயரில் அந்தச் சுவிட்ச் அணைந்திருந்தால் ஒலி கூராகவும் இரைச்சலோடும் வரும். முத்திரை இல்லாத கேசட்டுக்குச் சுவிட்சைப் போட்டால் கம்பளி போர்த்தியது போல மூடிவிடும். சுவிட்சு சரியாக இருந்தும் மூடியே இருந்தால், டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு மாறியிருக்கும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள திருகை மயிரிழை அளவு திருப்பி, உயர்ந்த ஒலிகள் தெளிவாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். திருப்பும் முன் அதன் முதல் நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நடுவில் ஒலிக்க வேண்டிய வாத்தியம் மறைந்துவிட்டது, தாழ்ந்த ஒலிகள் வற்றிவிட்டன

ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை மாற்றிய பிறகு இது தோன்றினால் கம்பிகளைப் பாருங்கள். வெள்ளை இடப்பக்க ஒலிக்கும், நீலம் அதன் பூமிக்கும், சிவப்பு வலப்பக்க ஒலிக்கும், பச்சை அதன் பூமிக்கும் உரியவை. ஏதேனும் ஒரு பக்கத்தின் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தால், இரு பக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு நடுவிலுள்ளது காணாமல் போகும். 'என்ன விண்வெளி போன்ற பரவலான ஒலி!' என்று இதை வியந்து பாராட்டிய நண்பர் ஒருவருக்கு ஆம்ப்ளிஃபயரின் மோனோ பொத்தானை அழுத்திக் காட்டினேன். ஆர்கெஸ்ட்ராவே மறைந்துவிட்டது.

கம்பிகள் சரியாக இருந்தும், இடப்பக்கம் தாழ்ந்த ஒலிகளும் வலப்பக்கம் உயர்ந்த ஒலிகளுமாகப் பிரிந்து கேட்டால், உறையில் 'மின்னணு முறையில் ஸ்டீரியோவாக்கப்பட்டது' என்ற பொருளில் ஏதேனும் அச்சாகியிருக்கும். 1960-களில் மோனோ பதிவுகளை இப்படிப் பிளந்து விற்றார்கள். இதைத் திருத்திக் கேட்க நல்ல வழி இல்லை. இரு பக்கத்தையும் மோனோவாகச் சேர்த்தால் குழாய்க்குள் பேசுவது போலாகும். அதே இசையின் மோனோ தட்டைத் தேடுங்கள்; பெரும்பாலும் அது விலை குறைவாகவே கிடைக்கும்.

அறிகுறி: டேப் கிறீச்சிடுகிறது, ஹெட்டில் பழுப்புப் பசை ஒட்டுகிறது

உடனே நிறுத்துங்கள். இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்போம் என்ற எண்ணமே டேப்பின் காந்தப் பூச்சை உரித்துவிடும். 1970-களிலும் 1980-களிலும் செய்யப்பட்ட தொழில்முறை டேப்புகள் பலவற்றில், காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்துவிடுகிறது; ஆம்பெக்ஸ் 406, 456 ஆகிய ரகங்கள் இதற்குப் பெயர்போனவை. ஏறத்தாழ 54 டிகிரி செல்சியசில், வெப்பம் ஏறி இறங்காத அடுப்பில், எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வைத்தால் ஈரம் நீங்கிச் சில வாரங்களுக்கு டேப் ஓடும். அந்த இடைவெளிக்குள் நகலெடுத்துவிட வேண்டும். 1982-இல் வந்த 'ட்ரான்' படத்துக்கு வெண்டி கார்லோஸ் அமைத்த இசை 2002-இல் சிடியாக வந்தபோது, மூல டேப்புகளை இப்படிச் சூடேற்றித்தான் மீட்டார்கள்.

வீட்டு மைக்ரோவேவ், கேஸ் அடுப்பு, மொட்டைமாடி வெயில் ஆகிய எதுவும் இதற்கு உதவாது. அதைவிட முக்கியமாக, எல்லா டேப்பையும் சூடேற்றக் கூடாது. சுருளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள்: ஒளி ஊடுருவித் தெரிந்தால் அது பழைய அசிட்டேட் டேப், சூடு அதைச் சுருக்கி நொறுக்கிவிடும். காடி வாடை வீசினாலும் அதே எச்சரிக்கை. ஒளி புகாமல் இருண்டு, டேப்பின் முதுகிலும் கறுப்புப் பூச்சு இருந்தால் மட்டுமே அது இந்த நோய்க்கு உரியது. தனியார் சேகரிப்பாளரின் கையில் இத்தகைய டேப் கிடைப்பது அரிது. கிடைத்தால் அதைத் தொழிலாகச் செய்பவரிடம் கொடுப்பதே என் அறிவுரை.

கடையில் விற்ற பதிவு டேப்புகளில் வருவது வேறு தொல்லைகள். எட்டுத் தட கார்ட்ரிட்ஜ்களில் பாட்டு நடுவில் தேய்ந்து மறைந்து, 'டக்' என்று ஒலி கேட்டு, மறுபடி தொடங்கினால் அது அமைப்பின் இயல்பு. ஒரே முடிவற்ற சுருளை நான்கு பகுதியாகப் பிரித்ததால் வந்தது. ஆனால் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் ரப்பர் உருளை உருகிப் பிசினாகியிருக்கலாம், ஸ்பாஞ்சு தூளாகியிருக்கலாம், சுருளின் இரு முனைகளை இணைக்கும் உலோகத்தாள் ஒட்டு விட்டிருக்கலாம். ஆகவே வாங்கியவுடன் போட்டுக் கேட்காமல், திறந்து, ஸ்பாஞ்சையும் ஒட்டையும் மாற்றிய பிறகே போட வேண்டும். ரீல் டேப்பில் இசையோடு சேர்ந்து பின்னோக்கி ஓடும் இன்னொரு இசை கேட்டால், நான்கு தட டேப்பை இரண்டு தட ஹெட்டில் ஓட்டுகிறீர்கள். மறுபக்கத்தின் இசையும் சேர்ந்து தலைகீழாக வருகிறது. மற்றத் துறையினர் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நாம் அதையும் இசையமைப்பாளரின் புதுமை என்று எண்ணி ரசிக்கக்கூடியவர்கள்.

அறிகுறி: தட்டில் வெண்புள்ளிகள், மங்கல், ஓயாத பொரிவு

வெண்புள்ளிகள் பூஞ்சையாக இருந்தால் கழுவினால் போகும். கடற்கரை ஊர்களில் மழைக்காலம் முடிந்ததும் உறைகளைத் திறந்து பார்க்கும் வழக்கம் வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் சில துளி மணமற்ற சோப்புக் கரைசலும் சிறிதளவு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் கலந்து, மென்மையான தூரிகையால் பள்ளங்களின் போக்கிலேயே தேய்த்து, வெறும் வடிநீரில் அலச வேண்டும். 78 சுற்று அரக்குத் தட்டுகளுக்கு ஆல்கஹால் ஆகவே ஆகாது, அவை கரைந்துவிடும். பழைய தாள் உள்ளுறையில் பூஞ்சை வித்துகள் இருப்பதால் அதைத் தட்டோடு மறுபடி சேர்க்காதீர்கள். பூஞ்சை படிந்த டேப்பைக் கருவியில் ஓட்டினால் அடுத்து ஓடும் எல்லா டேப்புக்கும் அது தொற்றும்.

கழுவியும் போகாத, எண்ணெய் பூசியது போன்ற மங்கல் என்றால், மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறையில் பல ஆண்டு கிடந்த தட்டு அது. உறையிலிருந்து கசிந்த வேதிப்பொருள் தட்டின் மேற்பரப்பையே மாற்றிவிட்டது. இதற்குத் தீர்வு இல்லை. விற்பவர் 'கழுவினால் சரியாகிவிடும்' என்று சொன்னால் அவரையே கழுவித் தரச் சொல்லுங்கள். புதிய உறைகள் வாங்கும்போது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்க வேண்டும்.

அறிகுறி: சிடியின் விளிம்பிலிருந்து பழுப்பு நிறம் பரவுகிறது

1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் ஆலை ஒன்றில் அச்சான சிடிகள் பலவற்றில் இது நேர்ந்தது. ஒளியைத் திருப்பும் வெள்ளிப் படலத்தைக் காக்க வேண்டிய மேல்பூச்சு, உள்தாளிலிருந்து வந்த கந்தகத்தைத் தடுக்கத் தவறியதால் வெள்ளி கறுத்தது. விளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் பரவுவதாலும், சிடியின் பதிவு உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போவதாலும், கடைசிப் பாடல்களிலேயே முதலில் 'டிக் டிக்' என்ற ஒலியும் பிறகு தடுமாற்றமும் வரும். மெருகேற்றும் களிம்புகள் அடிப்பக்கக் கீறலுக்கு மட்டுமே பயன்படும். இது மேல்பக்க நோய் என்பதால் அவற்றால் பயனில்லை. செய்யக்கூடியது ஒன்றே: இன்றே நகலெடுப்பது. ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை படித்து ஒப்பிடும் மென்பொருளில், முடிந்தால் இரண்டு வெவ்வேறு டிரைவ்களில், தரம் குறையாமல் சுருக்கும் எஃப்எல்ஏசி (FLAC) கோப்பாக எடுங்கள். இரண்டு நகலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டும் வட்டைத் திரும்ப வைக்கலாம். அந்தப் பழைய உள்தாளைத் தனியே எடுத்து, வேறு உறையில்.